புதுசா மனேச்சர் ஆன ஆளுக்கு மன உறுதி எப்பிடி வாறது? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ

கோண்டாவில் மழை எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். கன நாளா வாசிக்கிறனான், எழுதுறது இப்பதான். கொஞ்சம் நீட்டாத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

யாழ்ப்பாணத்தில ஒரு விநியோகக் கொம்பனியின்ர பிராஞ்சில கன வருசமா எக்கவுண்ட்ஸ் பக்கம் இருந்தனான். பிஸ்கட், சவர்க்காரம், பால்மா உப்பிடிச் சாமான்களைக் குடாநாடு முழுக்கக் கடையளுக்குக் குடுக்கிற வேலை. இந்த வருசத் தொடக்கத்தில பழைய மனேச்சர் கனடா போக, என்னைப் பிராஞ்ச் மனேச்சராப் போட்டினம். கடை கடையா ஓடர் எடுக்கிற ரெப்மார், ஸ்ரோர் கீப்பர், லொறி ட்ரைவர்மார், பில் போடுற பிள்ளையள் எண்டு பதினெட்டுப் பேர் எனக்குக் கீழ.

வேலை தெரியும், அதில பயம் இல்லை. மனசுதான் பிரச்சினை. திங்கக்கிழமை விடிய ஸூம் மீற்றிங்கில கொழும்பில இருக்கிற ஏரியா மனேச்சர் எல்லாப் பிராஞ்சும் கேக்க ரார்கெற் வரேல்லை எண்டு ஏசுவார், அதுவும் சிங்களத்தில சரியான வேகமா. எனக்கு விளங்கும், ஆனா அந்த வேகத்துக்குத் திருப்பிச் சொல்ல வராது, தொண்டை அடைச்சுப்போகும். மீற்றிங் முடிய முகம் கழுவிப்போட்டுத்தான் ஆக்களுக்கு முன்னால வருவன், அதுக்குப் பிறகு மத்தியானம் மட்டும் ஒரு வேலையும் ஓடாது.

அடுத்தது எங்கட ஸ்ரோர் அண்ணை. என்னை விட இருபது வயசு மூப்பு, நான் வந்த புதுசில எனக்கு வேலை பழக்கினவர். இப்ப நான் ஒண்டு சொன்னா "ஓம் பிள்ளை, பாப்பம்" எண்டுவார், பேந்து தன்ர பாட்டுக்குத்தான் செய்வார். திகதி கிட்டின பால்மாவை முதல் அனுப்புங்கோ எண்டு எத்தினையோ தரம் சொல்லிப்போட்டன், கைக்கு எட்டுறதுதான் லொறியில ஏறுது. மற்ற ஆக்கள் அதைப் பாத்துக்கொண்டு நிக்கினம்.

இதை விட, ஒபிஸ் ஒபிஸோட முடியுதும் இல்லை. ஒரு ரெப் பொடியனுக்கு லீவு குடுக்க ஏலாமப் போட்டுது, பின்னேரம் கோயிலடியில அவற்ற அம்மா என்னை மறிச்சு வைச்சுக் கேக்கிறா. உங்களுக்குத் தெரியும்தானே, இஞ்ச எல்லாரும் ஆருக்கோ சொந்தம், இல்லாட்டி ஒரே ஊர், இல்லாட்டி ஒரே பள்ளிக்கூடம்.

வீட்டில சொன்னா "மனசைக் கல்லாக்கு, இல்லாட்டி வேலையை விடு" எண்டுகினம். எனக்கு ரெண்டும் விருப்பமில்லை. மன உறுதி பிறவியிலயே வாறதோ, பழகி வாறதோ? ஆக்களோட முகம் குடுத்துக் கதைக்கிற என்ர குணத்தை விடாம அதைப் பழகலாமோ? நடந்ததை வைச்சுச் சொல்லுங்கோ, புத்திமதி மட்டும் வேண்டாம்.


தாளையடிக் காற்று எழுதினது:

சகோதரி, பழகி வாறதுதான் கூட. ஆளுக்காள் குணத்தில வித்தியாசம் இருக்கு, அதை மறுக்க ஏலாது, ஆனா பழகிற பகுதி பெரிசு. நான் கொம்பனியளுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறனான், அதால இந்த விசயத்தைக் கொஞ்சம் தேடி வாசிச்சிருக்கிறன்.

சுசான் கோபாசா எண்ட உளவியல் ஆராய்ச்சியாளர் 1979 இல சிக்காகோவில கொம்பனி நிர்வாகியளை எடுத்துப் பாத்தவா. நெருக்கடி எல்லாருக்கும் கூடத்தான், ஆனா சில பேர் வருத்தத்தில விழுந்தினம், சில பேர் விழேல்லை. விழாத ஆக்களிட்ட மூண்டு விசயம் கூட இருந்ததாம். செய்யிற வேலையில ஒரு பிடிப்பு, என்னால இதில ஏதோ ஒண்டை மாத்த ஏலும் எண்ட எண்ணம், மாற்றம் வந்தா அதில பழக ஏதாவது இருக்கும் எண்டு பாக்கிற பழக்கம். அவாவோட நிண்ட சல்வடோர் மாடி எண்டவர் இலினோய் பெல் எண்ட ரெலிபோன் கொம்பனியின்ர மனேச்சர்மாரைக் கன வருசம் விடாமப் பாத்தவர். தாய்க் கொம்பனியை 1984 இல துண்டு துண்டாப் பிரிச்ச காலம் அது, ஆயிரக்கணக்கில ஆக்களுக்கு வேலை போன நேரம். அவர் கண்டபடி மூண்டில ரெண்டு பங்கு ஆக்கள் உடம்பாலயோ மனசாலயோ விழுந்து போச்சினம், மிச்ச ஒரு பங்கு அதுக்குள்ளயும் நல்லா வந்தினம். அந்த ஒரு பங்கு ஆக்கள் தனியா நிண்டு சமாளிச்ச ஆக்கள் இல்லை, கேக்க வேண்டிய இடத்தில உதவி கேட்டு, மற்றவைக்கும் உதவி செய்துகொண்டிருந்தவை. எனக்கு இதில பிடிச்ச இடம் அதுதான்.

பேந்து 2002 இல இங்கிலாந்தில பீற்றர் கிளஃப் எண்டவரும் கூட்டாளியளும் இந்த மூண்டோட தன்னம்பிக்கையையும் சேத்தவை. அதிலயும் ரெண்டு பகுதி, தன்ர திறமையில நம்பிக்கை ஒண்டு, ஆக்களுக்கு முன்னால நிண்டு கதைக்கிற நம்பிக்கை மற்றது. நீங்கள் எழுதினதைப் பாத்தா வேலையில பிடிப்பு இருக்கு, திறமையில நம்பிக்கையும் இருக்கு, தளருற இடம் ஆக்களுக்கு முன்னால கதைக்கிற இடம் மட்டும்தான். அப்ப நீங்கள் பழக வேண்டியது சின்னப் பகுதி.

"கல்லாக்கு" எண்டதுக்கு நான் சரியான எதிர்ப்பு. ஜேம்ஸ் குறொஸ் எண்டவர் கன வருசமா இதைத்தான் ஆராய்ஞ்சவர். உணர்ச்சியை முகத்தில காட்டாம அமத்தினா உள்ளுக்க அது குறையிறேல்லை, உடம்பின்ர பதட்டம்தான் கூடுது, அந்த நேரம் கேட்ட விசயமும் ஞாபகத்தில நிக்காது. 2003 இல வந்த ஒரு ஆய்வில, அமத்திக்கொண்டு கதைச்ச ஆளுக்கு முன்னால இருந்தவரின்ர இரத்த அழுத்தமும் கூடினது. மனேச்சர் முகத்தை இறுக்கி வைச்சிருந்தா ரீம் அமைதியா இருக்கும் எண்டு நினைக்கினம், ரீம் உள்ளுக்கப் பயந்துகொண்டுதான் இருக்கும்.

அமத்தாம, விசயத்தை வேற பக்கத்தால பாக்கிறது வேலை செய்யுது. ஏரியா மனேச்சர் ஏசேக்க மனசு "நான் இதுக்கு லாயக்கில்லை" எண்டு சொல்லும். அதை நீங்கள் பிடிச்சு, "பருத்தித்துறை லைனில கடைக்காரர் ஓடரைக் குறைச்சிட்டினம், அவருக்கு அது தெரியாது, நான் சொல்ல வேணும்" எண்டு மாத்த வேணும். முதலாவதில நீங்கள் குற்றவாளி, ரெண்டாவதில உங்களிட்ட அவருக்கு இல்லாத தகவல் இருக்கு. இன்னொண்டு, உங்கட பேரைச் சொல்லி உங்களோட நீங்களே மனசுக்குள்ள கதைச்சுப் பாருங்கோ, "இப்ப இவ என்ன சொல்ல வேணும்?" எண்டு வெளியால நிண்டு கேக்கிற மாதிரி. 2014 இல அமெரிக்காவில செய்த ஆய்வில, அப்பிடிக் கதைச்ச ஆக்களுக்குக் கூட்டத்துக்கு முன்னால பேசேக்க பதட்டம் குறைஞ்சிருந்தது. என்ர வகுப்பில கன பேர் முதல் நாள் வெக்கப்படுவினம், பேந்து அவைதான் வந்து உதவுது எண்டு சொல்லுறவை.


நேர்கோடு எழுதினது:

தாளையடி அண்ணை எழுதினது பிழை எண்டு சொல்லேல்லை. ஆனா எனக்கு இதை வாசிக்க வேற ஒரு கோவம் வருது. எல்லாப் பிராஞ்சும் கேக்க ஒரு ஆளை ஏசுறது ஏசுறவற்ற பிழை, அதுக்கு ஏச்சு வாங்கிறவ மன உறுதி பழக வேணுமோ?

அக்கா, நான் கேக்கிறதுக்கு முதல் பதில் சொல்லுங்கோ. மனேச்சர் எண்டு பேர் தந்தவை சரி, கடிதத்தில என்ன அதிகாரம் தந்தவை? ரெண்டு நாள் லீவைக் கையெழுத்துப் போட உங்களுக்கு ஏலுமோ? காசு கட்டாத கடைக்கு சாமானை நிப்பாட்ட ஏலுமோ? எத்தினை மணிக்கு ஒபிஸ் போய் எத்தினை மணிக்கு வாறியள்? உங்கட ஸ்ராவ் எத்தினை மணித்தியாலம் நிக்கினம்? 1954 ஆம் ஆண்டின்ர கடை, காரியாலயப் பணியாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் எண்டு சொல்லுது, அதுக்கு மேல நிண்டா ஓவர்ரைம். வருசத்துக்கு 14 நாள் லீவு, 7 நாள் கசுவல் எண்டது பொடியன்ர உரிமை, மனேச்சர் பாத்துக் குடுக்கிற தயவு இல்லை.

எங்கட ஊர்க் கிணத்தை இரவு பகலா மோட்டர் போட்டு இறைச்சா அடியில இருந்து உவர் ஏறும், ஏறினாப் பிறகு ஒரு மாரி மழையில அது மாறாது. ஆக்களுக்கும் அதுதான் நடக்கிறது. முதல் இறைப்பைக் குறைக்கிற வழியைப் பாருங்கோ, மூச்சுப் பயிற்சியைப் பேந்து பாக்கலாம்.


தாளையடிக் காற்று எழுதினது:

தம்பி நேர்கோடு சொன்னது முக்கியம், நான் அதைத் தொடாம விட்டிட்டுப் போக ஏலாது. அதே 1979 இல ரொபர்ட் கராசெக் எண்டவர் வேலை நெருக்கடியைப் பற்றி எழுதினதும் இதைத்தான் சொல்லுது. வேலைப் பாரம் கூட இருந்தாலும் முடிவெடுக்கிற இடம் கையில இருந்தா ஆள் தாங்கும், பாரமும் கூட, முடிவெடுக்கவும் விடேல்லை எண்டாத்தான் ஆள் உடையிறது. அதால அதிகாரத்தைக் கேட்டு எடுக்கிறதும் மன உறுதியின்ர வேலைதான் எண்டு நான் நினைக்கிறன்.


பழைய பேரேடு எழுதினது:

பிள்ளை, நான் வங்கியில இருந்து ஓய்வெடுத்தவன். வயசு போட்டுது, ரைப் பண்ணுறது மெதுவு, ஆனா உம்மட கேள்வி மனசில நிண்டபடியா எழுதுறன்.

தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில யாழ்ப்பாணத்தில ஒரு கிளையில இளம் உத்தியோகத்தரா இருந்தனான். 1990 நடுவில கரண்ட் போனது, பேந்து கன வருசம் இல்லை. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, ஜாம் போத்தில் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோச் செய்தி கேட்ட காலம். பேரேடு முழுக்கக் கையால. காசு கொழும்பில இருந்து வர வேணும், எப்ப வரும் எண்டு ஆருக்கும் தெரியாது, வெளியில சனம் வெய்யிலுக்க வரிசையில நிக்கும். தங்கட சொந்தக் காசைக் கேட்டு வாற சனத்துக்கு இல்லை எண்டு சொல்லுற வேலை எங்கட வேலை.

எங்களுக்கு அப்ப பொறுப்பா இருந்தவர் குரலை உயர்த்திக் கதைச்சு நான் கேட்டதில்லை. விடிய கதவு திறக்க முதல் எங்கள் எல்லாரையும் மேசையடிக்குக் கூப்பிடுவார். இண்டைக்குக் கையில இவ்வளவு காசு இருக்கு எண்டு சொல்லுவார். இண்டைக்கு இன்னது இன்னது செய்ய ஏலாது எண்டு சொல்லுவார். தெரியாததைத் தெரியாது எண்டே சொல்லுவார், ஆனா "பின்னேரம் மூண்டு மணிக்குத் திருப்பிச் சொல்லுறன்" எண்டு ஒரு நேரம் குடுப்பார். மூண்டு மணிக்கு ஒரு செய்தியும் வரேல்லை எண்டாலும் வந்து, வரேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போவார். பிறகு தானே வெளியில போய் வரிசைக்கும் அதையே சொல்லுவார். சனம் ஏசும், அவர் நிண்டு கேப்பார், கடைசியில இருக்கிற கிழவிக்குக் கதிரை எடுத்துக் குடுக்கச் சொல்லுவார். எங்களுக்குக் கை நடுங்காம வேலை செய்ய ஏலுமா இருந்தது அவர் பயப்பிடாத ஆள் எண்டதால இல்லை, அவருக்கும் பிள்ளை குட்டி இருந்தது, செல் விழுந்தா அவரும் எங்களோட மேசைக்குக் கீழதான். என்ன தெரியும், என்ன தெரியாது, அடுத்தது எப்ப சொல்லுவார் எண்டது எங்களுக்கு விளங்கினபடியாத்தான்.

2022 இல பெற்றோல் வரிசை, 13 மணித்தியாலம் கரண்ட் கட் எண்டு வந்தபோது என்ர மருமகன் ஒரு கடையின்ர பொறுப்பில இருந்தவர், அவருக்கும் இதைத்தான் சொன்னனான். சாமான் வருமோ வராதோ எண்டு அவருக்கும் தெரியாது, ஆனா தினம் விடிய ஸ்ராவுக்கு நிலவரம் சொல்லுவார். ஒருத்தரும் விட்டிட்டுப் போகேல்லை.

ஒரு விசயம் வடிவாக் கேளும். "நாங்கள் போரைக் கண்டனாங்கள், உதெல்லாம் ஒரு பிரச்சினையோ" எண்டு உமக்குச் சொல்ல ஆக்கள் வருவினம், என்ர வயசு ஆக்கள்தான் கூடச் சொல்லுவினம். அந்தக் கதையை எடுக்காதேயும். 1995 ஒக்ரோபர் கடைசியில ஒரு இரவுக்குள்ள ஊரை விட்டு நடந்த சனம் நாங்கள், அதால நாங்கள் எல்லாரும் உறுதியான ஆக்களா வந்தனாங்கள் எண்டில்லை. ஒபிசில ஒரு சொல்லும் பேசாம நேர்த்தியா வேலை செய்துபோட்டு வீட்டில மனிசி பிள்ளையளில பாய்ஞ்ச ஆக்களை எனக்குத் தெரியும், குடிக்குள்ள போனவையையும் தெரியும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் மாதிரி மனநல வைத்தியர்மார் எங்கட சனத்தின்ர இந்தக் காயத்தைப் பற்றிக் கன வருசமாச் சொல்லிக்கொண்டு வருகினம். அனுபவிச்ச துன்பம் தானா உறுதியைத் தராது. பக்கத்தில ஆர் நிண்டவை, அதைப் பற்றிக் கதைக்க ஒரு ஆள் இருந்ததோ, அதில தான் விசயம் இருக்கு.


நைற் டியூட்டி எழுதினது:

ஐயா எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். தங்கச்சி, நான் ஆஸ்பத்திரியில வாட் சிஸ்ரர். சுருக்கமாச் சொல்லுறன், டியூட்டிக்குப் போக வேணும்.

தொண்டை அடைக்கிறது உங்கட பலவீனம் இல்லை, உடம்பு ஆபத்து எண்டு நினைச்சு அதிரினலினை விடுது, அவ்வளவுதான். அதுக்கு மூச்சை உள்ளுக்க எடுக்கிறதை விட வெளியில விடுறதை நீட்டா விடுங்கோ, நாலு எண்ணி எடுத்தா ஆறோ ஏழோ எண்ணி விடுங்கோ. அஞ்சாறு மூச்சு போதும், இதயத்துடிப்பு இறங்குறது உங்களுக்கே தெரியும். ஆனா இதை மீற்றிங்கில முதல் தரம் செய்து பாக்காதேங்கோ. பஸ்ஸில வரேக்க, குசினியில நிக்கேக்க எண்டு சும்மா இருக்கிற நேரம் பழகி வையுங்கோ, அப்பத்தான் இறுக்கமான நேரம் தானா வரும்.

எங்கட வாட்டில ஒரு நோயாளி திடீரெண்டு மோசமாகிப் போனா, அது முடிய எல்லாரும் கொஞ்ச நேரம் நிண்டு கதைப்பம். என்ன நடந்தது, எது சரியா வந்தது, அடுத்த தரம் எதை மாத்திறது. ஆற்ற பிழை எண்டு தேடுறேல்லை. உங்கட பிராஞ்சிலயும் ஒரு லொறி பிந்தினா, ஒரு கடைக்காரன் வந்து சத்தம் போட்டா, அண்டைக்குப் பின்னேரமே அப்பிடி ஒருக்கா கதைச்சுப் பாருங்கோ. இளம் பிள்ளையள் வாய் திறந்து கதைக்கப் பழகுவினம்.

மற்றது ஹாண்ட் ஓவர். நாங்கள் அடுத்த ஷிப்ற்றுக்கு எழுதிக் குடுத்திட்டுத்தான் வீட்ட போறது. உங்களுக்கு அடுத்த ஷிப்ற் இல்லை, எண்டாலும் ஒபிஸ் பூட்ட முதல் நாளைக்கு முதல் செய்ய வேண்டியதை ஒரு கொப்பியில எழுதி மேசைக்க வைச்சிட்டுப் போங்கோ. வீட்ட போன பிறகு வட்ஸ்அப் குறூப்பைத் திறக்காதேங்கோ, அவசரம் எண்டா கோல் எடுக்கச் சொல்லுங்கோ. நித்திரையைக் குறைச்சுக் கொண்டு ஒருத்தருக்கும் பொறுமை வராது, இதை நான் நைற் டியூட்டி செய்யிற ஆளாச் சொல்லுறன்.

கோயிலடியில மறிச்ச அம்மாவுக்கு, "அம்மா, அது அவற்ற ஒபிஸ் விசயம், நாளைக்கு நான் அவரோடயே கதைக்கிறன், நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?" எண்டு கேளுங்கோ. எங்களையும் சந்தையில மறிச்சு வாட்டில இருக்கிற ஆளைப் பற்றிக் கேப்பினம், இந்த ஒரு வசனம்தான் கை குடுக்கிறது. எல்லாரிட்டையும் ஒரே வசனத்தைச் சொல்லுங்கோ, ஆளுக்கொரு மாதிரிச் சொன்னா ஊருக்குள்ள கதை வரும்.

கடைசியா, அழுகிறதைப் பற்றி. அழுகை வந்தா வரட்டும், அதில ஒண்டும் இல்லை. ஆனா எப்பவும் களைப்பு, ஆக்களைக் கண்டா வெறுப்பு, என்ன செய்தும் பிரயோசனம் இல்லை எண்ட எண்ணம் மூண்டும் சேந்து வந்தா கவனம். வேலையால வாற அந்த நிலையை உலக சுகாதார நிறுவனமே 2019 இல தன்ர நோய் வகைப்பாட்டில தொழில் சம்பந்தப்பட்ட நிலை எண்டு எழுதினது. நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, ஒண்டிலயும் மனம் இல்லை எண்டு ரெண்டு கிழமைக்கு மேல போனா டொக்டரிட்டப் போங்கோ. யாழ் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பழையிலயும் மனநலப் பிரிவு இருக்கு. தேசிய மனநல நிறுவனத்தின்ர 1926 எண்ட நம்பருக்கு எந்த நேரமும் எடுக்கலாம். ஆரும் பாத்தா என்ன நினைப்பினம் எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ.


கோண்டாவில் மழை எழுதினது:

எல்லாருக்கும் கன நன்றி. இரவு முழுக்க இதைத்தான் வாசிச்சுக்கொண்டிருந்தன். ஐயா, உங்கட கதையை அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன், அவாவும் அந்த வரிசையில நிண்ட ஆள்தான்.

நேர்கோடு தம்பி கேட்டதுக்கு: கடிதத்தில பதவிப் பேரும் சம்பளமும் மட்டும்தான் இருக்கு. லீவு ஒரு நாள் எண்டாலும் கொழும்புக்கு மெயில் போட வேணும், பதில் வர மூண்டு நாள் செல்லும், அதுக்குள்ள பொடியன்ர தேவை முடிஞ்சிடும். கடனை நிப்பாட்டவும் ஏலாது. நீங்கள் கேட்ட பிறகுதான் இதையெல்லாம் எழுதிப் பாத்தன், பொறுப்பு முழுக்க என்னட்ட, சாவி கொழும்பில. விடிய ஏழு மணிக்குப் போனா இரவு எட்டு மணி, ரெப்மாரும் அப்பிடித்தான்.

நைற் டியூட்டி அக்கா சொன்ன மூண்டில எனக்குக் களைப்பு மட்டும்தான், வெறுப்பு வரேல்லை, வரவும் கூடாது எண்டுதான் எழுதினனான்.

ரெண்டு விசயம் இன்னும் விளங்கேல்லை. ஸ்ரோர் அண்ணையோட எப்பிடிக் கதைக்கிறது? அவரை மேல காட்டிக் குடுக்க எனக்கு மனம் இல்லை, அதே நேரம் அந்தப் பால்மா விசயம் விளையாட்டு இல்லை. மற்றது ஸூம் மீற்றிங்கில அந்த நிமிசம் நான் வாயால என்ன சொல்லுறது?


பழைய பேரேடு எழுதினது:

பிள்ளை, அவரை உம்மட அறைக்குக் கூப்பிடாதேயும். நீர் ஸ்ரோருக்குப் போம், மற்றவை வர முதல், விடிய. அவருக்கும் ஒரு பிளேன்ரீ கொண்டு போம். முதல் அவரிட்டக் கேளும், இந்த முறையில என்ன கஷ்டம் எண்டு. கன வருசம் ஒரு இடத்தில நிண்ட ஆளுக்கு உமக்குத் தெரியாத காரணம் ஒண்டு இருக்கும். பழைய சாமான் பின்னுக்கு அடுக்கிக் கிடக்கும், இழுக்க ஆள் காணாது, முதுகு நோகும், அதை உம்மட்டச் சொல்ல அவருக்கு மானம் விடாது. அதை முழுக்கக் கேளும், இடையில பேசாதேயும்.

பேந்து இப்பிடிச் சொல்லும்: "அண்ணை, எனக்கு வேலை பழக்கினது நீங்கள், அது எப்பவும் மாறாது. திகதி கிட்டின சாமான் முதல் வெளிக்கிட வேணும் எண்டது என்ர முடிவு, பிழைச்சா பதில் சொல்ல வேண்டிய ஆள் நான். இதைச் செய்ய உங்களுக்கு என்ன வேணும்?" சொல்லிப்போட்டுப் பேசாம நில்லும். அந்த அமைதி உமக்குக் கஷ்டமா இருக்கும், நிரப்ப வேணும் போல இருக்கும், நிரப்பாதேயும். "பாப்பம்" எண்டா, "எப்ப அண்ணை, வெள்ளிக்கிழமையோ?" எண்டு கேளும். வெள்ளிக்கிழமை போய்ப் பாரும். செய்திருந்தா மற்றவைக்கு முன்னால நல்லதாச் சொல்லும். செய்யேல்லை எண்டா, அடுத்தது எழுத்தில வரும் எண்டதை அவருக்குத் தனிய, மரியாதையாச் சொல்லும். காட்டிக் குடுக்கிறதா நினைக்காதேயும், சாப்பாட்டுச் சாமான் அது, குடிக்கிறது சின்னப் பிள்ளையள்.

அண்ணை எண்டு கூப்பிடுறதை விட்டிடாதேயும். மரியாதை குடுத்துக்கொண்டே மறுக்க ஏலும், எங்கட வீடுகளில அம்மாமார் தினமும் செய்யிறது அதுதான்.


தாளையடிக் காற்று எழுதினது:

ஸூம் விசயத்துக்கு வாறன். ஏச்சு வந்த பிறகு பதில் தேடினா வராது, அதால பதிலை முதல் அனுப்புங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு பக்கம், இங்கிலிசில, இந்தக் கிழமை வந்த தொகை, குறைஞ்ச லைன், காரணம், அடுத்த கிழமை நீங்கள் செய்யப் போறது, அவரிட்ட இருந்து தேவையானது. மீற்றிங்கில முதல் ஆளாக் கதைக்கக் கேளுங்கோ, காத்திருந்தாத்தான் பயம் கூடுறது.

சிங்களத்தில ரெண்டு வசனம் மட்டும் கண்ணாடிக்கு முன்னால நிண்டு சொல்லிச் சொல்லிப் பழகுங்கோ. "சேர், மட்ட வினாடி தெகக் தென்ன", ரெண்டு நிமிசம் தாங்கோ எண்டு. மற்றது "ஹவசட்ட எவன்னம்", பின்னேரம் அனுப்புறன் எண்டு. மிச்சத்தை இங்கிலிசிலயே சொல்லுங்கோ, அதில ஒரு குறையும் இல்லை. பேந்து ஒரு நாள் அவரோடத் தனிய கோல் எடுத்து, "ரார்கெற்றைப் பற்றி என்னட்ட எவ்வளவும் கேளுங்கோ, ஆனா குறை சொல்லுறதைத் தனியச் சொன்னா எனக்கு இஞ்ச ரீமை நடத்த லேசு" எண்டு சொல்லுங்கோ. அவர் மாறாட்டியும் நீங்கள் சொன்னது உங்களுக்குள்ள ஒரு வித்தியாசத்தைத் தரும்.

இன்னுமொண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுத்தி றோட்டுப் பூட்டு, லொறி உள்ளுக்க போகாது, லீவு கேக்கிற ஆக்களும் கூட. அதுக்கு ஒரு மாசம் முதல் எல்லாரையும் இருத்தி, "திருவிழா முடிஞ்சுது, எங்கட விநியோகம் படு தோல்வி, ஏன் தோத்தது?" எண்டு கேட்டு ஆளுக்காள் எழுதச் சொல்லுங்கோ. கேரி கிளைன் எண்டவர் 2007 இல எழுதின முறை இது. நடக்க முதலே தோத்ததா வைச்சுக் கேட்டா, மற்ற நேரம் வாய் திறக்காத ஆக்களும் சொல்லுவினம். ஸ்ரோர் அண்ணையை முதல் வாசிக்கச் சொல்லுங்கோ, அவற்ற அனுபவம் எல்லாருக்கும் முன்னால பயன்படும், அவருக்கும் தன்ர இடம் போகேல்லை எண்டு தெரியும்.


நேர்கோடு எழுதினது:

அக்கா, லீவு அதிகாரத்துக்கு வாயால கேக்காதேங்கோ, மெயில் போடுங்கோ. நான் எழுதித் தாறன், மாத்த வேண்டியதை மாத்துங்கோ: "பிராஞ்ச் வேலை தடைப்படாமல் நடத்துவதற்கு, இரண்டு நாள் வரையான லீவை அனுமதிக்கும் அதிகாரத்தையும், குறித்த தவணை தாண்டியும் பணம் செலுத்தாத கடைகளுக்கான விநியோகத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் அதிகாரத்தையும் எனக்கு எழுத்தில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று மாதம் பார்த்து மீளாய்வு செய்யலாம்." மூண்டு மாதம் எண்டு போட்டா அவையும் லேசில மறுக்க மாட்டினம். ஏரியா மனேச்சருக்குப் போடேக்க எச்ஆருக்கும் கொப்பி போடுங்கோ, உங்கட சொந்த மெயிலுக்கும் ஒண்டு. ரெப்மாரின்ர வேலை நேரத்தையும் ஒரு கொப்பியில திகதி போட்டுக் குறிக்கத் தொடங்குங்கோ, அந்தக் கதை வாறபோது கணக்கு உங்களிட்ட இருக்க வேணும்.